பாதிப் பெயர் போதும்

ஒரு மாணவியைக் காரணமின்றிக் கடிந்துகொண்ட கதையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கடிந்துகொண்டவன் நான்தான்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஊசல் சோதனை செய்து வந்தாள். எஃகுக் கம்பியில் தொங்கும் குண்டின் அலைவு நேரத்தைத் தினமும் காலையிலும் மாலையிலும் அளக்க வேண்டும். வெயில் ஏறினால் கம்பி நீளும். கம்பி நீண்டால் ஊசல் மெதுவாக ஆடும். இந்த வேறுபாடு மிக மிகச் சிறியது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால், அந்த ஊசலைக் கொண்டு ஓடும் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 வினாடி பின்தங்கும், அவ்வளவே. இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் பல நாள் அளவீடுகள் வேண்டும். இடையில் நாட்கள் விட்டுப்போகக் கூடாது.

அளவீடுகளைக் கணிப்பொறியில் பதிவு செய்யச் சி மொழியில் ஒரு சிறு நிரலை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது தொடங்கியதும் ‘எந்தக் கோப்பில் சேர்க்க?’ என்று கேட்கும். காலை அளவீடு என்றால் ‘ஊசல்-காலை’ என்றும், மாலை அளவீடு என்றால் ‘ஊசல்-மாலை’ என்றும் கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். முன்பு கொடுத்த பெயரே போதுமென்றால் வெறுமனே என்டர் விசையை அழுத்தலாம். இந்த வசதியை நானே பெருமையோடு சேர்த்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் மாணவி வருவதற்கு முன் நானே நிரலைத் தொடங்கி வைத்தேன். ‘ஊசல்-காலை’ என்பதற்குப் பதிலாக ‘ஊசல்-காளை’ என்று தட்டிவிட்டேன். சி மொழியில் ஒரு கோப்பைச் ‘சேர்ப்பதற்காகத் திற’ என்று சொன்னால், அப்பெயரில் கோப்பு இருந்தால் அதன் கடைசியில் எழுதும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். அப்படியே செய்தது. அடுத்தடுத்த நாட்களில் அவள் என்டரை மட்டும் அழுத்தினாள். 9 நாள் அளவீடுகள் காளையின் வயிற்றுக்குள் போயின.

மாத முடிவில் வரைபடத்தைப் பார்த்தபோது 9 நாட்கள் காலியாக இருந்தன. ‘‘சார், நான் ஒரு நாள்கூட விடவில்லை சார்’’ என்றாள். நான் நம்பவில்லை. வகுப்பின் முன்னிலையில் சில வார்த்தைகள் சொல்லிவிட்டேன். நான்கு நாள் கழித்து வேறு எதற்கோ கோப்புகளின் பட்டியலைப் பார்த்தபோதுதான் ‘காளை’ கண்ணில் பட்டது. அதே வகுப்பின் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு உட்கார்ந்து அந்த நிரலைத் திருத்தினேன். திருத்தியபோது கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

லினக்ஸ் கணிப்பொறியில் கட்டளை தட்டியிருக்கும் மாணவர்களுக்கு டேப் விசையின் வேலை தெரிந்திருக்கும். கோப்பின் பெயரில் முதல் ஓரிரு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரை இயந்திரமே நிரப்பிக் கொடுக்கும். இதைக் கைப்பேசியில் செய்தி எழுதும்போது அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறதே, அதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கைப்பேசி ஊகிக்கிறது, பலர் எழுதும் வழக்கத்தை வைத்து ‘இதுவாக இருக்கலாம்’ என்கிறது. அந்த ஊகம் தவறிப் போவதும் உண்டு. டேப் விசை ஊகிப்பதே இல்லை. வட்டில் உண்மையில் இருக்கும் பெயர்களை மட்டுமே பார்க்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு மட்டும் நிரப்புகிறது. ஐயம் வந்த எழுத்தில் நின்றுவிடுகிறது.

இப்படிக் கொள்வோம். கோப்புறையில், அதாவது ஃபோல்டரில், நான்கு கோப்புகள் உள்ளன: ஊசல்-காலை, ஊசல்-மாலை, ஊசல்-வரைபடம், ஒலி-வேகம். நீங்கள் ‘ஒ’ என்று தட்டி டேப் அழுத்தினால் ‘ஒலி-வேகம்’ முழுதும் வந்துவிடும். வேறு எதுவும் ஒகரத்தில் தொடங்கவில்லை அல்லவா? ‘ஊ’ என்று தட்டி அழுத்தினால் ‘ஊசல்-’ வரை வந்து நிற்கும். அதன் பின் மூன்று பாதைகள் பிரிகின்றன. எந்தப் பாதை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘க’ என்று ஓர் எழுத்துக் கொடுத்து மறுபடி அழுத்தினால் ‘ஊசல்-காலை’ கிடைக்கும். ‘ஊசல்-காள’ என்று நீங்களே தட்டிவிட்டு அழுத்தினாலோ, மணிதான் அடிக்கும். அப்படித் தொடங்கும் பெயர் கிடையாது. என் நிரலில் இந்த வசதி இருந்திருந்தால் அந்த மணி அன்றே அடித்திருக்கும்.

மணி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆஸ்கி அட்டவணையில் 7 என்ற எண்ணுக்கு எழுத்து எதுவும் கிடையாது. பழைய டெலிபிரிண்டர் இயந்திரத்துக்கு 7-ஐ அனுப்பினால் அதில் பொருத்தியிருந்த உண்மையான மணி அடிக்கும். இன்று மணி போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் என்ற நிறுவனம் பிடிபி-10 என்ற பெரிய கணிப்பொறிக்காக டெனெக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கியது. 1970-களின் தொடக்கத்திலேயே அதில் பாதிப் பெயரைத் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் மீதி நிரம்பும். அந்த வசதியைக் கென் கிரீர் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் உலகத்துக்குக் கொண்டுவந்தார். அவர் விரிவாக்கிய கட்டளை நிரலுக்கு ‘டிசிஷெல்’ என்று பெயர். அதிலுள்ள ‘டி’ டெனெக்ஸைக் குறிப்பதுதான். பின்னர் குனூ திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய ‘பாஷ்’ என்ற கட்டளை நிரல் 1989-இல் வெளிவந்தது. அதற்காக அவர் எழுதிய வரி திருத்தும் பகுதி ‘ரீட்லைன்’ என்ற தனி நூலகமாயிற்று. அதை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் செட் ரேமி.

நூலகம் என்றால் என்ன? சி மொழியில், பிறர் எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு. செயற்கூறு என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டு. பெயரைச் சொல்லி அழைத்தால் வேலையை முடித்து விடையைக் கையில் கொடுக்கும். வர்க்கமூலம் காண, எழுத்துகளை அச்சிட என்று எத்தனையோ உண்டு. ரீட்லைன் நூலகத்திலுள்ள தலைமைச் செயற்கூறு, விசைப்பலகையிலிருந்து ஒரு வரியை வாங்கித் தருவது. ‘அதற்குத்தான் சி மொழியிலேயே வழி இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, நானும் முதலில் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அதில் ஒரு சங்கடம். நீங்கள் தட்டும் எழுத்துகள் நேரே நிரலுக்குப் போவதில்லை. இயக்க முறைமை அவற்றை ஒரு வரிசையில் சேர்த்து வைத்துக்கொண்டு, என்டர் அழுத்திய பிறகே மொத்தமாக ஒப்படைக்கிறது. நடுவில் டேப் அழுத்தினால் அதுவும் 9 என்ற எண்ணாக அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிரலுக்குச் செய்தி எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ரீட்லைன் முதலில் செய்யும் வேலை இந்தப் பழக்கத்தை நிறுத்துவதுதான். ‘இனி ஒவ்வொரு விசையையும் அழுத்தியவுடனே எனக்குக் கொடு, திரையில் எழுத்தைக் காட்டும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று இயக்க முறைமையிடம் சொல்லிவிடுகிறது. வரி முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பி வைக்கிறது. திருப்பாமல் நிரல் நின்றுபோனால், அதன் பின் நீங்கள் தட்டுவது எதுவும் திரையில் தெரியாமல் போகலாம். நானே நூலகமில்லாமல் எழுத முயன்றபோது இப்படி ஆகி, கணிப்பொறியே கெட்டுவிட்டதாக ஆய்வுக்கூட உதவியாளர் பயந்துபோனார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டேப் அழுத்தியதும் பொருத்தமான பெயர்களை யார் தேடிக் கொடுப்பது?

நூலகம் எழுதியவருக்கு உங்கள் நிரல் எதைப் பற்றியது என்று தெரியாது. ஒரு நிரலில் கோப்புப் பெயர் வேண்டும். மற்றொன்றில் கட்டளைப் பெயர் வேண்டும். இன்னொன்றில் தனிமங்களின் பெயர்கூட வேண்டியிருக்கலாம். ஆகவே அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். பெயர்களைத் தேடுவது ஒரு செயற்கூறின் வேலை. அதை நீங்களே எழுதி, அதன் முகவரியை மட்டும் நூலகத்திடம் கொடுத்து வைக்கலாம். கிடைத்த பெயர்களைச் சேர்த்து, பொதுவான பகுதியைக் கண்டு, திரையில் நிரப்புவது நூலகத்தின் வேலை. வழக்கமாக நாம்தான் நூலகத்தை அழைப்போம். இங்கே நூலகம் நம்மை அழைக்கிறது.

இரண்டுக்கும் இடையே நடக்கும் உரையாடலை, பள்ளி அலுவலகத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள். தலைமையாசிரியர் எழுத்தரிடம் கேட்கிறார்: ‘‘மு என்று தொடங்கும் மாணவர் யார்?’’ எழுத்தர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ‘‘முருகன்’’ என்கிறார். ‘‘இன்னும் உண்டா?’’ விட்ட இடத்திலிருந்து மேலும் புரட்டி, ‘‘முத்துலட்சுமி’’ என்கிறார். ‘‘இன்னும்?’’ கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, ‘‘இல்லை’’ என்று பதிவேட்டை மூடுகிறார். பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பெயர்.

ரீட்லைன் கேட்பதும் இப்படியே. தேடும் செயற்கூறை அழைக்கும்போது இரண்டு செய்திகளைக் கொடுக்கிறது. ஒன்று, நீங்கள் தட்டிய பாதிப் பெயர். மற்றொன்று ஓர் எண். அந்த எண் 0 என்றால் ‘இது புதுக் கேள்வி, முதலிலிருந்து தேடு’ என்று பொருள். 0 இல்லையென்றால் ‘இன்னும் உண்டா?’ என்று பொருள். செயற்கூறு ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரைத் திருப்பித் தர வேண்டும். தீர்ந்துவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கும் வெற்று முகவரியைத் தர வேண்டும்.

இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. சி மொழியில் ஒரு செயற்கூறு வேலையை முடித்ததும் தன் சொந்த மாறிகளை எல்லாம் மறந்துவிடும். அடுத்த முறை அழைத்தால் புதிதாகப் பிறந்த குழந்தைதான். ‘விட்ட இடம்’ அதற்கு எப்படி நினைவிருக்கும்? அதற்காகவே ‘ஸ்டேட்டிக்’ என்ற அடைமொழி உள்ளது. அந்த அடைமொழியோடு அறிவித்த மாறி, செயற்கூறு முடிந்த பின்பும் தன் மதிப்பை வைத்திருக்கும். எழுத்தர் பதிவேட்டில் விரலை வைத்தபடி காத்திருப்பதுபோல.

கோப்புப் பெயர்களுக்கான எழுத்தர் ஒருவர் நூலகத்திலேயே தயாராக இருக்கிறார். எண் 0 ஆக இருந்தால், தட்டிய பாதிப் பெயரில் கடைசிச் சாய்கோடு எங்கே என்று முதலில் பார்க்கிறார். ‘தரவு/ஊ’ என்று தட்டியிருந்தால், ‘தரவு’ என்ற கோப்புறையில் ‘ஊ’ என்று தொடங்குவதைத் தேட வேண்டும் என்று பிரித்துக்கொள்கிறார். சாய்கோடே இல்லையென்றால் நாம் இப்போது இருக்கும் கோப்புறை. அதைத் திறக்க ‘ஓப்பன்டிர்’, ஒவ்வொரு பெயராகப் படிக்க ‘ரீட்டிர்’, மூட ‘குளோஸ்டிர்’ என்ற செயற்கூறுகள் யூனிக்ஸ் வழி வந்த முறைமைகளில் உண்டு. ரீட்டிர் பெயர்களை அகரவரிசையில் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வட்டில் எந்த ஒழுங்கில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஒழுங்கில் தரும். ஒவ்வொரு பெயரின் முற்பகுதியும் தட்டிய எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போனால் திருப்பித் தருகிறார்.

நான் கற்றுக்கொள்வதற்காக இந்தப் பகுதியை நானே எழுதிப் பார்த்தேன். அங்கேதான் வழுக்கி விழுந்தேன். ரீட்டிர் கொடுத்த பெயரின் முகவரியை அப்படியே நூலகத்திடம் கொடுத்துவிட்டேன். நிரல் முதல் டேப்பிலேயே உயிரை விட்டது.

காரணம் இதுதான். ரீட்டிர் பெயரைத் தன்னுடைய சிலேட்டில் எழுதிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெயரைக் கேட்கும்போது அந்தச் சிலேட்டை அழித்து எழுத அதற்கு உரிமை உண்டு. நீங்கள் உங்கள் நோட்டில் ‘முருகன்’ என்று எழுதிக்கொள்ளாமல் ‘சிலேட்டில் இருக்கிறது’ என்று எழுதிக்கொண்டால், மூன்று தடவை கேட்ட பின் உங்கள் நோட்டில் ‘சிலேட்டில் இருக்கிறது’ என்று மூன்று வரிகள் இருக்கும். சிலேட்டில் எது இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கோப்புறையை மூடிவிட்டால் சிலேட்டே இருக்காது. அதுமட்டுமன்று. ரீட்லைன் தன் வேலை முடிந்ததும், நாம் கொடுத்த ஒவ்வொரு பெயரும் இருந்த நினைவக இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், அதுதான் உடன்பாடு. நமக்குச் சொந்தமில்லாத சிலேட்டைத் திருப்பிக் கொடுக்க முயன்றதால்தான் நிரல் நின்றது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ‘மால்லாக்’ என்ற செயற்கூறின் மூலம் புதிதாக இடம் வாங்கி, அதில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் முகவரியைக் கொடுக்க வேண்டும். நாம் வாங்குகிறோம், நூலகம் திருப்பிக் கொடுக்கிறது. இரவல் புத்தகத்தை யார் திருப்பித் தருவது என்று முன்பே பேசிக்கொள்வதைப் போன்றது இது. சி மொழியில் நடக்கும் விபத்துகளில் பெரும்பங்கு இந்தப் பேச்சு சரியாக நடக்காததால் வருபவைதான் என்பது என் அனுபவம்.

பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன என்று கொள்வோம். நூலகம் அவற்றை ஓர் அணியில் வரிசையாக வைக்கிறது. முதல் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறது. எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான முற்பகுதி அந்த முதல் இடத்துக்கு வரும். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? 40 பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமா? அப்படிச் செய்தால் 780 ஒப்பீடுகள் வரும். தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டிரண்டை மட்டும் ஒப்பிட்டு, எத்தனை எழுத்துகள் ஒத்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டே போய், அவற்றுள் மிகச் சிறிய எண்ணை எடுத்தால் போதும். 39 ஒப்பீடுகளில் வேலை முடிந்தது. முதலாவதும் இரண்டாவதும் நான்கு எழுத்து ஒத்திருந்து, இரண்டாவதும் மூன்றாவதும் நான்கு எழுத்து ஒத்திருந்தால், முதலாவதும் மூன்றாவதும் அந்த நான்கில் வேறுபட முடியாது அல்லவா? கணிதப் பாடத்தில் ‘அ = ஆ, ஆ = இ எனில் அ = இ’ என்று படித்ததுதான். ரீட்லைன் செய்வதும் இதையே. ஊசல்-காலை, ஊசல்-மாலை, ஊசல்-வரைபடம் மூன்றுக்கும் விடை 4 எழுத்து: ஊ, ச, ல், சிறுகோடு. இவற்றோடு ‘ஊற்று’ என்று ஒரு கோப்பும் இருந்தால் விடை சட்டென்று 1 ஆகிவிடும். ‘ஊ’ என்று நீங்கள் தட்டியதற்கு மேல் எதுவும் நிரம்பாது.

ஆனால் ‘எழுத்து’ என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேனே, அதில்தான் தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது.

கணிப்பொறி பெயர்களை பைட்டுகளாக வைத்திருக்கிறது. ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு முறையில் உள்ள தமிழ்க் குறி ஒவ்வொன்றும், இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில், 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘க’ என்பது 224, 174, 149. ‘ம’ என்பது 224, 174, 174. ‘வ’ என்பது 224, 174, 181. முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். மூன்றிலும் அவை ஒன்றே. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் போல, கடைசி எண்ணில் மட்டும் வேறுபாடு.

இப்போது என் சொந்த நிரல் என்ன செய்திருக்கும் என்று ஊகியுங்கள். அது பைட் பைட்டாக ஒப்பிட்டது. ‘ஊசல்-’ என்பது ஊ, ச, ல, புள்ளி ஆகிய நான்கு குறிகளுக்கு 12 பைட்டும் சிறுகோட்டுக்கு 1 பைட்டுமாக 13 பைட். அதற்குப் பின் க, ம, வ என்று பிரிந்தாலும் மேலும் இரண்டு பைட்டுகள் ஒத்திருக்கின்றன. ஆகவே ‘பொதுப்பகுதி 15 பைட்’ என்று முடிவு செய்து, ‘ஊசல்-’ என்பதற்குப் பின் மூன்றில் இரண்டு பங்கு எழுத்து ஒன்றையும் திரைக்கு அனுப்பியது. அப்படி ஓர் எழுத்து உலகத்தில் கிடையாது. திரையில் கேள்விக்குறி போட்ட சாய்சதுரம் ஒன்று தோன்றியது. அதன் பின் நான் ‘க’ என்று தட்டினால், உடைந்த துண்டோடு முழு எழுத்தும் சேர்ந்து, எந்தக் கோப்போடும் பொருந்தாத பெயர் உண்டாயிற்று. ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை என் கண்ணுக்கே தெரிந்திருக்காது. ரீட்லைன் நூலகம், பல பைட் எழுத்துகளைக் கொண்ட மொழி என்றால் பைட்டுகளாக ஒப்பிடாமல் முழுக் குறிகளாக எடுத்து ஒப்பிடுகிறது. அதனால் பாதியில் வெட்டுவதில்லை.

அப்படியும் ஒரு விசித்திரம் மிஞ்சுகிறது. ‘விசை’, ‘விசும்பு’ என்று இரண்டு கோப்புகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். இரண்டுக்கும் பொதுவான முற்பகுதி எது? உங்கள் தமிழாசிரியரைக் கேட்டால் ‘வி’ மட்டும் என்பார். சை வேறு, சு வேறு. நூலகத்தைக் கேட்டால் ‘விச’ என்னும். ஏனெனில் யூனிகோடு முறையில் ‘சை’ என்பது ஓர் எழுத்தன்று. ‘ச’ என்ற குறியும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. ‘சு’ என்பதும் அப்படியே. ‘வி’ என்று தட்டி டேப் அழுத்தினால் இரண்டு பெயரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘ச’ திரையில் வந்து நிற்கும். இது பிழையா? நிரல் எழுதியவர் பிழையில்லை என்பார். படிப்பவர் கண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும். தமிழ் உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்ளும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றை எழுதுவது கடினமன்று. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடலாம்.

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பொருந்தும் பெயர் ஒன்றே ஒன்று என்றால் நூலகம் அதை முழுதும் நிரப்பி, ஓர் இடைவெளியும் விடுகிறது, ‘இந்தப் பெயர் முடிந்தது’ என்பதற்கு அடையாளமாக. அது கோப்புறை என்றால் இடைவெளிக்குப் பதில் சாய்கோடு போடுகிறது, ‘உள்ளே போகலாம்’ என்று. பல பெயர்கள் இருந்து மேலே நிரப்ப முடியாவிட்டால் மணி. மறுபடி டேப் அழுத்தினால் எல்லாப் பெயர்களும் பட்டியலாக வரும். பட்டியல் 100-ஐ எட்டினால் ‘எல்லாவற்றையும் காட்டவா?’ என்று கேட்டுவிட்டுத்தான் காட்டும். பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிக்குள் வைப்பது எப்படி என்பதை மட்டும் நூலகம் தானாக முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு நிரலும் மேற்கோளை ஒவ்வொரு விதமாகக் கையாள்வதால் அதை நிரல் எழுதுபவர் சொல்லித்தர வேண்டும். சொல்லாவிட்டால் ‘ஊசல் காலை’ என்ற ஒரு கோப்பை ‘ஊசல்’, ‘காலை’ என்று இரண்டு கோப்புகளாக ஒரு கட்டளை எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டளை அழிக்கும் கட்டளையாக இருந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். என் ஆய்வுக்கூடத்தில் கோப்புப் பெயரில் இடைவெளி விடக் கூடாது, சிறுகோடுதான் போட வேண்டும் என்பது சட்டம்.

நூலகத்தைச் சேர்த்த பிறகும் என் நிரலில் ஒரு வேடிக்கை நடந்தது. நாம் எழுதிய தேடும் செயற்கூறு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால், நூலகம் தன் சொந்த எழுத்தரை அழைத்துக் கோப்புப் பெயர்களைத் தேடச் சொல்லும். இது வழக்கமாக உதவியான குணம்தான். ஆனால் என் நிரல் ‘கம்பியின் நீளம் எத்தனை சென்டிமீட்டர்?’ என்று கேட்ட இடத்தில் மாணவி தவறுதலாக டேப்பை அழுத்த, கோப்பு ஒன்றின் பெயர் நீளமாக வந்து நின்றது! ‘நான் தேடி முடித்துவிட்டேன், நீ தேடாதே’ என்று தெரிவிக்க நூலகத்தில் ஒரு மாறி இருக்கிறது. அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்ததும் சரியாயிற்று.

இவ்வளவும் செய்தபின், இல்லாத பெயரை ஒருவர் டேப்பே அழுத்தாமல் முழுதாகத் தட்டினால் ‘காளை’ மறுபடியும் பிறக்குமே என்று அந்த மாணவிதான் கேட்டாள். நியாயமான கேள்வி. டேப் விசை உதவிக்குத்தான் வரும், தடுக்காது. ஆகவே அவள் சொன்னபடியே இன்னொரு வரி சேர்த்தேன்: கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால் ‘இப்படி ஒரு கோப்பு இல்லை; புதிதாக உண்டாக்கவா?’ என்று நிரல் கேட்கும். அவளுடைய 9 நாள் அளவீடுகளைக் காலைக் கோப்பில் சேர்த்தபோது வரைபடத்தின் இடைவெளி நிரம்பி, புள்ளிகள் எதிர்பார்த்த கோட்டை ஒட்டியே விழுந்தன.

உங்களுக்கு ஒரு சிறு கணக்கு. லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் ‘மலர்’, ‘மலை’ என்று இரண்டு வெற்றுக் கோப்புகளை உண்டாக்கி, ‘ம’ தட்டி டேப் அழுத்திப் பாருங்கள். கணிப்பொறி கிடைக்காவிட்டாலும் காகிதத்தில் செய்யலாம். ‘ம’, ‘ல’ இரண்டும் இரு பெயர்களுக்கும் பொது. அதன் பின் வரும் ‘ர’ 224, 174, 176; ஐகாரக் குறி 224, 175, 136. பைட் பைட்டாக ஒப்பிடும் என் பழைய நிரல் பொதுப்பகுதி எத்தனை பைட் என்று சொல்லியிருக்கும்? உடைந்த துண்டை நீக்கினால் எத்தனை? ஊசல் கோப்புகளில் உடைந்த துண்டு 2 பைட்டாக இருந்தது. இங்கேயும் அதே 2 தானா?